கோவில் முன்மண்டபத்துக்கு இயந்திர அறிவிப்புப் பலகை: மடல் பலகையா, புள்ளிப் பலகையா? தமிழ் எழுத்து எப்படி?

மணிக்கூண்டு_ரோசில்

வணக்கம் எல்லாருக்கும். இங்க மொரீசியஸ் தீவுல, ரோசில் ஊர்ல ஒரு கோவில் முன்மண்டபத்துக்கு அறிவிப்புப் பலகை செய்யணும். பழைய ரயில் நிலையங்கள்ல சடசடன்னு மடல் விழுந்து ஊர்ப்பேர் மாறுமே, இல்லன்னா பஸ் நெற்றியில மஞ்சப் புள்ளி திரும்பி எழுத்தாகுமே, அந்த ரெண்டுல ஒண்ணு.

எல்ஈடி வேண்டாங்கிறதுக்குக் காரணம் இருக்கு. மண்டபம் கிழக்குப் பாத்தது, காலையில வெயில் நேரா பலகை மேல விழும். ராத்திரியில எல்ஈடி வெளிச்சம் தீபத்தோட போட்டி போடும்.

சுவர்ல இருக்கிற இடம் 1.4 மீட்டர் அகலம், 70 செமீ உயரம். 12 மீட்டர் தள்ளி செருப்பு விடுற இடத்துலேருந்து படிக்கணும். ஒவ்வொரு வரியிலயும் நேரம், பூஜை பேர், சன்னிதி. அப்படி மூணு வரி. கீழ ஒரு வரி நினைச்சதை எழுதுறதுக்கு. எல்லாம் தமிழ்ல.

இணையத்துல கிடைக்கிற மடல் பலகைத் திட்டங்கள் எல்லாமே 26 ஆங்கில எழுத்தை நம்பித்தான் இருக்கு. தமிழுக்கு 247-ன்னு கணக்குப் போட்டா தலை சுத்துது. எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

நாற்பது_மடல்

தங்கச்சி, 247-ஐ முதல்ல மறந்துடுங்க. ரயில் நிலையப் பலகையில ஊர்ப்பேரை ஒவ்வொரு எழுத்தாக் கோக்கணும்னு கட்டாயமே கிடையாது. முழுப் பேரும் ஒரே நீள மடல்ல அச்சாகியிருக்கிற பலகைகள் ஐரோப்பா முழுக்க ஓடின. இத்தாலியில உதினே ஊர்ல சொலாரி கம்பெனி செஞ்சது அந்த மாதிரி. அவங்க சிஃப்ரா 5 கடிகாரத்துக்கு 1956-ல கொம்பாஸோ தோரோங்கிற இத்தாலிய வடிவமைப்பு விருது கிடைச்சது. அதே 1956-லதான் நம்ம தீவுல பயணிகள் ரயில் நின்னுபோச்சு. அதனால மொரீசியஸ் நிலையம் எதுலயும் இந்தப் பலகை தொங்க வாய்ப்பே வரல. இப்ப மெட்ரோ வந்திருக்கு, ஆனா எல்லாம் மின்திரை.

கோவில்ல வர்ற சொல் எத்தனை? காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, அர்த்தசாமம், அபிஷேகம், அலங்காரம், தீபாராதனை, பிரதோஷம், சஷ்டி, கிருத்திகை, கொடியேற்றம், பால்குடம், காவடி, தீமிதி, அன்னதானம், நடை திறப்பு, நடை சாத்தல். 40-ஐத் தாண்டாது. அப்ப பூஜை பேருக்கு மடல் கோத்த ஒரு உருளை, சன்னிதிக்கு ஒரு உருளை, மணிக்கு ஒண்ணு, நிமிஷத்துக்கு ஒண்ணு. வரிக்கு 4, மூணு வரிக்கு 12 உருளை. எழுத்தெழுத்தாப் போனா வரிக்கு 14 உருளை வேணும், தமிழும் அசிங்கமா வரும்.

கீழ் வரிக்கு மட்டும் புள்ளிப் பலகை வைங்க. ரெண்டையும் கலக்கிறதுல தப்பே இல்ல.

எழுத்தச்சு

சகோதரர் சொல்வதை முழுதாக ஏற்கிறேன். எழுத்தெழுத்தாகச் செய்ய நினைப்பவர்களுக்காக உண்மைக் கணக்கையும் தந்துவிடுகிறேன், எங்கும் தவறாகவே சுற்றுகிறது.

தமிழில் ெ, ே, ை, ா ஆகிய குறிகள் தனியே நிற்பவை. அவற்றுக்குத் தனி இடம் கொடுத்தால் போதும். மெய்யோடு ஒட்டி உருவம் மாறுபவை புள்ளி, இ, ஈ, உ, ஊ மட்டுமே. எனவே 18 மெய்க்கு அகரம், புள்ளி, இ, ஈ, உ, ஊ என்று ஆறாறு வடிவம், ஆக 108. உயிரில் ஔ என்பது ஒ-வும் ள-வும் சேர்ந்தது, மிச்சம் 11. ஆய்தம் 1. தனிக்குறி 4. மொத்தம் 124. ஜ, ஷ, ஸ, ஹ சேர்த்தால் இன்னும் 24. ஸ்ரீ, பத்து எண்கள், வெற்றிடம் தனி. 247 இல்லைதான், ஆனாலும் ஒரு உருளையில் 124 மடல் என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. கடைசி எழுத்துக்குப் போய்ச் சேர 15 வினாடி ஆகும்.

அகலம் இன்னொரு தொல்லை. ண, ஞ, ணூ எல்லாம் ர-வைவிட இரண்டு மடங்கு அகலம். ஒரே அளவுக் கட்டத்தில் இவற்றை அடைத்தால் "அர்த்தசாமம்" என்பது பல் விழுந்த வாய் போல இடைவெளி விட்டு நிற்கும். முழுச்சொல் மடலில் இந்தச் சிக்கலே எழாது.

ஆனால் வெட்டுக்கோடு என்ற சிக்கல் முழுச்சொல்லிலும் உண்டு. மேல்மடலும் கீழ்மடலும் சந்திக்கும் இடத்தில் ஏறக்குறைய 1 மிமீ இருட்டு இடைவெளி விழும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம், நடுவில் வெட்டினால் சரியாக இருக்கும். தமிழில் கி, கீ மேலே ஏறும், கு, மூ கீழே இறங்கும். சொல்லின் மொத்த உயரத்தை வைத்து நடுவைக் கணக்கிட்டால், சொல்லுக்குச் சொல் அடிக்கோடு ஏறி இறங்கும். எல்லா மடலுக்கும் ஒரே அடிக்கோடு வையுங்கள். எழுத்தின் உடல், அதாவது ப, ட, ம நிற்கும் உயரம், அதன் நடுவே வெட்டுக்கோடு வரட்டும். பிறகு சொல் சொல்லாகப் பெரிதாக்கிப் பாருங்கள். ஏதாவது ஒரு கிடைக்கோடு அந்த 1 மிமீ-யில் முழுதாக மறைகிறதா? மறைந்தால் எல்லாச் சொற்களையும் சேர்த்து 1.5 மிமீ மேலே தூக்குங்கள். ஒரு சொல்லை மட்டும் தூக்கவே கூடாது.

உடல் உயரம் மொத்தத்தில் பாதிதான் வரும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 12 மீட்டருக்கு உடல் 45 மிமீ வேண்டும் என்றால் மேல், கீழ் மடல் சேர்ந்து 90 மிமீ உயரம் தேவை. கோடு தடித்த எழுத்துரு, ஆனால் சுழிகள் அடைபடாதது.

மணிக்கூண்டு_ரோசில்

அக்கா, ரொம்ப நன்றி. இந்த 1.5 மிமீ விஷயம் எங்கயும் படிச்சதில்ல. நாற்பது_மடல் அண்ணா, அப்ப மடல் 45 மிமீ உயரம், பூஜை பேருக்கு 240 மிமீ அகலம்னு வச்சா உருளை என்ன அளவு?

நாற்பது_மடல்

கணக்கு இப்படி.

மடல்: 0.5 மிமீ கெட்டி பிவிசி தாள், மேட் கறுப்பு. 240 × 45 × 0.5 மிமீ, எடை சுமார் 7.5 கிராம், 40 மடல் 300 கிராம். 0.3 மிமீ தாள் இந்த நீளத்துக்கு வில்லா வளையும். அடையாள அட்டை செய்யற 0.76 மிமீ பிவிசி, ஒத்தை எழுத்து மடலுக்கு அருமை, இந்த நீளத்துக்கு எடை கூடிப்போகும்.

ரெண்டு ஓரத்துலயும் அடியில 3 மிமீ நீளம், 2 மிமீ உயரம் காது விடுங்க. அதுதான் உருளையோட ரெண்டு முனையிலயும் இருக்கிற வட்டத்தட்டு ஓட்டையில நின்னு சுத்தும். 2 × 0.5 மிமீ காதோட மூலைவிட்டம் 2.06 மிமீ, அதனால ஓட்டை 2.5 மிமீ. ஓட்டைக்கு ஓட்டை 4 மிமீ விட்டா 40 ஓட்டைக்கு 160 மிமீ சுற்றளவு, விட்டம் 51 மிமீ. ஓட்டைகளுக்கு நடுவுல 1.5 மிமீ சுவர்தான் நிக்கும். அக்ரிலிக்ல டிரில் போட்டா விரிசல் விடும், லேசர்ல வெட்டுங்க. தட்டு 3 மிமீ கனம், நடுவுல 8 மிமீ தண்டு, ரெண்டு பக்கமும் 608 பேரிங். ரெண்டு தட்டுக்கும் இடையில மடல் உடலைவிட 1 மிமீ கூட இருக்கணும். அதைவிடக் குறைஞ்சா மடல் பிடிக்கும், 2 மிமீ-க்கு மேல போனா காது கழண்டு வெளிய வரும்.

பின்னாடி மடல் விறைச்சுக்கிட்டு நிக்கும், அதனால பெட்டி ஆழம் 150 மிமீ எடுத்துக்குங்க.

எது எந்தப் பக்கம் அச்சாகணும்னு எல்லாரும் தடுமாறுவாங்க. ஒரு மடலோட முன்பக்கம் "காலசந்தி"யின் மேல்பாதின்னா, அதே மடலோட பின்பக்கம் அடுத்த சொல் "உச்சிக்கால"த்தின் கீழ்ப்பாதி. அந்த மடல் விழுந்தாத்தானே பின்பக்கம் தெரியும், அப்ப மேல நிக்கிறது அடுத்த சொல். பின்பக்கத்தை எந்தத் திசையில அச்சடிக்கிறது? மடலைப் புத்தகப் பக்கம் புரட்டுற மாதிரி பக்கவாட்டுல திருப்பினா பின்பக்கம் தலைகீழாத் தெரியணும். காலண்டர் தாள் புரட்டுற மாதிரி திருப்பினா நேரா இருக்கணும். 40-ஐயும் அச்சுக்குக் கொடுக்கிறதுக்கு முன்ன, தடிச்ச தாள்ல மூணே மூணு வெட்டி கையால திருப்பிப் பாருங்க.

ஸ்டிக்கர் ஒட்டினா ஓரத்துலேருந்து 2 மிமீ உள்ள தள்ளி ஒட்டுங்க, இல்லன்னா வெயில்ல உரிஞ்சு பக்கத்து மடலோட ஒட்டிக்கும். யூவி அச்சு (மையை நேரா பிளாஸ்டிக் மேலயே அச்சடிக்கிற முறை) கிடைச்சா அதுதான் நல்லது.

இதுல மிக முக்கியமான உறுப்பு மேல்தடுப்பு. மேல்மடல் நுனியைப் பிடிச்சு நிறுத்தற மெல்லிய பட்டை. மடல் நுனி மேல 1 மிமீ-லேருந்து 1.5 மிமீ வரைக்கும்தான் படியணும். குறைஞ்சா மடல் நேரத்துக்கு முன்னாடி விழும், பாதிச் சொல் மாறி நிக்கும். கூடினா மடல் வளைஞ்சு தெறிச்சு விழும், சில நேரம் ரெண்டு சேர்ந்து விழும். நீள் ஓட்டை போட்டு ஸ்க்ரூவால மேல கீழ நகர்த்துற மாதிரி வைங்க. ஒட்டி வச்சுட்டா அப்புறம் சரிசெய்ய முடியாது.

வேகம் வினாடிக்கு 8 மடல். 45 மிமீ மடல் விழுந்து படிய வினாடியில பத்துல ஒரு பங்கு வேணும். அதுக்கு மேல ஓட்டினா மடல் காத்துல மிதக்கும்.

24வோல்ட்

மோட்டார் பற்றி. நிமிடத்துக்கும் மணிக்கும் 80 மிமீ அகல மடல் போதும். அங்கே எல்லாரும் போடும், அடியடியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டாரான 28பிஒய்ஜே-48-உம் அதை ஓட்டும் யுஎல்என்2003 டிரைவர் சில்லும் தாராளம். 240 மிமீ உருளைக்கு அது போதாது. மடல்கள் முன்னால் ஒரு பக்கமும் பின்னால் ஒரு பக்கமும் சாய்வதால் சுமை சமமாக இருக்காது. அதற்கு நேமா 17 அளவு ஸ்டெப்பர் மோட்டார், 20 பல்லும் 40 பல்லும் உள்ள சக்கரங்களில் ஓடும் ஜிடி2 பெல்ட், டிஎம்சி2209 டிரைவர். மோட்டார் சுற்றுக்கு 200 அடி (ஸ்டெப்), அடிக்கு 8 நுண்ணடி, 2 மடங்கு பெல்ட், ஆக உருளையின் ஒரு சுற்றுக்கு 3200. நாற்பதால் வகுத்தால் மடலுக்குச் சரியாக 80. மீதியே இல்லை. டிஎம்சி2209-இன் அமைதி ஓட்டம் கோவிலுக்கு மிக முக்கியம், மடல் சத்தம் மட்டும் கேட்கும், மோட்டார் கீச்சிடாது.

28பிஒய்ஜே-48-இல் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 2048 அடி என்று எங்கும் எழுதியிருக்கும். பல்சக்கர விகிதம் உண்மையில் 64 இல்லை, 63.68. அதாவது 2038 அடி. 2048 என்று நிரல் எழுதினால் சுற்றுக்கு 10 அடி தள்ளிப்போகும், மடலுக்கு 51 அடிதான், ஐந்தே சுற்றில் ஒரு மடல் தவறு. சரியாக 64 உள்ள மோட்டார்களும் சந்தையில் கலந்து வருகின்றன. எனவே உருளையில் ஒரு காந்தமும் எதிரே ஒரு காந்த உணரியும் வைத்து, உணரி ஒருமுறை விழிப்பதிலிருந்து மறுமுறை விழிக்கும் வரை ஒவ்வொரு மோட்டாரையும் ஓட்டி எண்ணி, அந்த எண்ணை அதன் முதுகிலேயே எழுதி வையுங்கள். நிரலில் மடலுக்கு 51 என்று கூட்டிக்கொண்டே போகாதீர்கள். மடல் எண்ணைச் சுற்றின் மொத்த அடியால் பெருக்கி, நாற்பதால் வகுத்து, அப்புறம் முழு எண்ணாக்குங்கள்.

உணரி ஏ3144. 4.5 வோல்ட்டுக்குக் கீழே அது வேலை செய்யாது, நிரல் ஓடும் ஈஎஸ்பி32 அட்டையின் 3.3 வோல்ட்டில் கட்டாதீர்கள். உணரிக்கு 5 வோல்ட், வெளியீட்டுக் காலை 10 கிலோ ஓம் மின்தடை வழியே 3.3 வோல்ட்டோடு இணையுங்கள். உணரி திறந்த கலெக்டர், அதாவது காலைத் தரைக்கு மட்டும் இழுக்கும் வகை என்பதால் இது பாதுகாப்பானது. காந்தம் 4 × 2 மிமீ நியோடைமியம். உணரியின் எழுத்து அச்சான முகத்துக்கு எதிரே காந்தத்தின் தென்துருவம் வந்தால்தான் அது விழிக்கும். ஒட்டுவதற்கு முன் சோதியுங்கள், பசை காய்ந்தபின் திருப்ப முடியாது.

மின்சாரம் வந்ததும் மெதுவாக ஒன்றரைச் சுற்று வரை காந்தத்தைத் தேடட்டும். கிடைக்காவிட்டால் மோட்டாரை நிறுத்திவிடுங்கள். தேடிக்கொண்டே இருந்தால் சிக்கிய மடல் கிழியும்.

மணிக்கூண்டு_ரோசில்

நிமிஷ உருளையில 60 வேணுமே, 40 ஓட்டைதானே இருக்கு?

நாற்பது_மடல்

பூஜை நேரம் 5 நிமிஷக் கணக்குலதானே வரும். 00, 05, 10-ன்னு 55 வரைக்கும் 12 மடல். அதை மூணு தடவை வைங்க, 36. மிச்சம் 4 வெற்று மடல். எந்த நிமிஷத்துக்கும் முழுச் சுற்று போக வேண்டியதில்ல. மணிக்கு 24, மிச்ச இடத்துல கோவில் அதிகம் பயன்படுத்துற காலை மாலை மணிகளை ரெண்டாந்தடவை வைங்க. எந்த ஓட்டையையும் காலியா மட்டும் விடாதீங்க. ஒரு மடல் இல்லாத இடத்துல அடுத்த மடல் தாமதமா விழும், அங்கேருந்து எல்லாக் கணக்கும் தப்பும்.

மணிக்கூண்டு_ரோசில்

சரி. கீழ் வரிக்குப் பிரிட்டன்ல கழிச்சுப் போட்ட ஹனோவர் கம்பெனி பஸ் பலகை ஒண்ணு, 112 × 16 புள்ளி, விற்பனைக்கு வந்திருக்கு. கப்பல் செலவு, 15% வாட் வரி எல்லாம் சேர்த்தாலும் புதுசைவிட எவ்வளவோ மலிவு. வாங்கறதுக்கு முன்ன என்ன கேக்கணும்?

புள்ளிக்காரர்_மொக்கா

வணக்கம் அம்மா. 16 வரிசை என்று பார்த்தீர்களே, அது சரியான தேர்வு. 7 வரிசைப் பலகை தமிழுக்கு உதவாது.

வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பழுது பார்க்க அது தேவை. ஃபெராண்டி-பாக்கார்ட் நிறுவனத்தில் கென்யன் டெய்லர் என்பவர் டிரான்ஸ்-கனடா விமான நிறுவனத்துக்காக உருவாக்கிய முறை இது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு வில்லை, ஒரு முகம் கறுப்பு, மறுமுகம் ஒளிரும் மஞ்சள். வில்லையில் சிறு காந்தம். பின்னால் மின்காந்தச் சுருள். ஒரு மில்லிசெகண்ட் அளவு மின்துடிப்பு ஒரு திசையில் பாய்ந்தால் மஞ்சள், எதிர்த்திசையில் பாய்ந்தால் கறுப்பு. சுருளின் இரும்பில் மிஞ்சும் காந்தமே வில்லையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்சாரமே வேண்டாம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியது மூன்று. பலகையோடு அதன் கட்டுப்பாட்டு அட்டை உள்ளே இருக்கிறதா? முழு மஞ்சள், முழு கறுப்பு என இரண்டு படம் எடுத்து அனுப்ப முடியுமா? பலகைக்குரிய முகவரி எண்ணை வைக்கும் பின்பக்கச் சுழல்குமிழின் படம் கிடைக்குமா? முழு மஞ்சள் படம்தான் உங்கள் மருத்துவச் சான்று. தனித்தனியே சில புள்ளிகள் இறந்திருந்தால் கவலை வேண்டாம், அது பெரும்பாலும் தூசு. ஒரு முழு நெடுவரிசையோ முழு வரிசையோ இறந்திருந்தால் டிரைவர் சில்லு அல்லது இணைப்பான் பழுது. வாங்காதீர்கள், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இணைப்பு: 24 வோல்ட், 3 ஆம்ப் மின்வழங்கி. தரவு ஆர்எஸ்-485 என்னும் இரட்டைக் கம்பி (ஏ, பி) முறையில், வினாடிக்கு 4800 பிட். ஒரு மேக்ஸ்485 சில்லு போதும். செய்தி 2 என்ற மதிப்புள்ள பைட்டில் தொடங்கி 3 என்ற மதிப்புள்ள பைட்டில் முடியும், அதன்பின் சரிபார்ப்புக்கு இரண்டு எழுத்து. தொடக்கப் பைட்டை விட்டு மற்றவற்றைக் கூட்டி, கீழ் 8 பிட்டை எடுத்து, அவற்றில் 0-வை 1-ஆகவும் 1-ஐ 0-ஆகவும் மாற்றி, 1 கூட்டினால் சரிபார்ப்பு எண். தொடக்கப் பைட்டையும் சேர்த்துக் கூட்டிவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. அப்போது பலகை எந்தப் பிழையும் காட்டாமல் சும்மா இருக்கும். ஏ, பி கம்பிகள் மாறியிருந்தாலும் அதேதான், மாற்றிப் பாருங்கள்.

உள் அட்டை இல்லாத வெறும் புள்ளித்தட்டு கிடைத்தால் வேறு வேலை. வில்லைச் சுருள்களை இயக்கும் எஃப்பி2800ஏ போன்ற சில்லுகளை நேரடியாக ஓட்ட வேண்டும். அதில் 5 முகவரிக் கால் இருந்தும் 28 வெளியீடுதான். 0, 8, 16, 24 ஆகிய முகவரிகள் வெற்று. ஏழேழு முகவரியாக எடுத்து, இடையில் வரும் வெற்று முகவரியைத் தாண்டிப் போங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், துடிப்பின் நீளத்தை நிரலிடம் ஒப்படைக்காதீர்கள். நிரல் நடுவில் உறைந்தால் சுருளில் மின்சாரம் நின்று பாய்ந்து சில வினாடியில் கருகும். 74எச்சி123 போன்ற ஒற்றைத்துடிப்புச் சில்லு ஒன்றை நடுவில் வைத்து, என்ன ஆனாலும் 2 மில்லிசெகண்டுக்கு மேல் போகாதபடி கட்டுங்கள்.

எழுத்தச்சு

16 வரிசையை எப்படிப் பங்கிடுவது என்று சொல்கிறேன். மேலிருந்து 0 என எண்ணுங்கள். 0 முதல் 4 வரை புள்ளிக்கும் இகரச் சுழிக்கும். 5 முதல் 12 வரை உடல். 13 முதல் 15 வரை உகரக் காலுக்கு. உடல் 8 வரிசை கிடைப்பதால் ண, ஞ, ழ எல்லாம் தெளிவாக வரைய முடிகிறது.

கணினி எழுத்துருவை 16 புள்ளிக்குச் சுருக்கிப் போடாதீர்கள். சுழிகள் அடைந்து ன-வும் ண-வும் ஒன்றாகிவிடும். 124 வடிவத்தையும் கட்டத்தாளில் கையால் வரையுங்கள். சராசரி 10 நெடுவரிசை, ஒன்றுக்கு 2 பைட், எழுத்துக்கு 20 பைட். மொத்தம் கிரந்தம் எண்கள் சேர்த்தாலும் 4 கிலோபைட்டைத் தொடாது.

"ப்" இதோ, 8 நெடுவரிசை அகலம்:

○○○○○○○○
○○○●●○○○
○○○●●○○○
○○○○○○○○
○○○○○○○○
●○○○○○○●
●○○○○○○●
●○○○○○○●
●○○○○○○●
●○○○○○○●
●○○○○○○●
●○○○○○○●
●●●●●●●●
○○○○○○○○
○○○○○○○○
○○○○○○○○

மேல்வரிசையை மிகச்சிறு பிட்டாகக் கொண்டு, இடமிருந்து வலமாக நெடுவரிசைக்கு இரண்டு பைட்: 224 31, 0 16, 0 16, 6 16, 6 16, 0 16, 0 16, 224 31.

புள்ளியை ஏன் நான்கு வில்லையால் வரைந்திருக்கிறேன் தெரியுமா? ஆங்கிலத்தில் ஒரு வில்லை சிக்கிக்கொண்டால் எழுத்து அழுக்காகத் தெரியும், அவ்வளவுதான். தமிழில் ஒற்றை வில்லையால் புள்ளி வைத்து அது சிக்கினால் சொல்லே மாறிவிடும். "பால்" என்பது "பால" ஆகும். மஞ்சளில் சிக்கினால் "மலர" என்பது "மலர்" ஆகும். இரண்டுக்கு இரண்டாக வைத்தால் ஒன்று செத்தாலும் மூன்று நிற்கும், புள்ளி புள்ளியாகவே தெரியும். தவறி எரியும் தனி வில்லையை யாரும் புள்ளியாகப் படிக்கவும் மாட்டார்கள்.

எழுத்து வரிசை பற்றி ஒன்று. யூனிகோடில் "கொ" என்பது க-வுக்குப் பின் ஒகரக்குறி. பலகையில் ெ, க, ா என மூன்று வடிவம். நிரல் முதலில் ஒ, ஓ, ஔ குறிகளை இரண்டாகப் பிரித்து, ெ, ே, ை ஆகியவற்றை மெய்க்கு முன்னால் நகர்த்த வேண்டும். இதை மறந்தால் "கோவில்" என்பது முதல் எழுத்திலேயே உடைந்து நிற்கும்.

சாந்தக்ருவா_ஐயா

அன்புள்ள அனைவருக்கும். எங்கள் பக்கத்துப் பழைய கோவில் கல்வெட்டிலெல்லாம் லை, னை, ணா எழுத்துகள் பழைய துதிக்கை வடிவில் உள்ளன. பெரியவர்கள் அப்படியே கேட்கிறார்கள். இந்தப் பலகையில் முடியுமா?

எழுத்தச்சு

முடியும் ஐயா, ஏழே வடிவம் கூடுதல். 1978-இல் தமிழ்நாட்டு அரசின் ஆணையால் மாறியவை அவை. ணா, றா, னா, ணை, லை, ளை, னை என ஏழையும் வரைந்துகொள்ளுங்கள். ணொ, ணோ போன்றவை ெ அல்லது ே-யோடு பழைய ணா-வைச் சேர்த்தால் தானே வரும். நிரலில் ஒரு மாற்றுச்சாவி வைத்தால் ஒரே பலகை இரண்டு முறையிலும் எழுதும். நம் மொரீசியஸ் ரூபாய் நோட்டிலேயே தமிழ் உண்டு. 1998-இல் அதில் தமிழின் இடம் வரிசை மாறியபோது நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். எழுத்தின் வடிவத்தைப் பற்றிப் பெரியவர்கள் கேட்பதை மதித்துச் செய்து கொடுப்பதே முறை.

உப்புக்காத்து_மாயேபூர்

எல்லாரும் பொறியைப் பத்தியே பேசறீங்க. கோவில்ல பலகையைக் கொல்றது கற்பூரப் புகை, நெய்ப்புகை, திருநீறு. கற்பூரக் கரி எண்ணெய்ப் பசையோட வில்லையோட அச்சுமுனையில படியும், திருநீறு அது மேல ஒட்டும், ரெண்டும் சேர்ந்து சிமெண்டு மாதிரி ஆயிடும். அதனால முன்னாடி 3 மிமீ பாலிகார்பனேட் கண்ணாடி கட்டாயம். கிழக்கு வெயில் எதிரொளிக்காம இருக்க பலகையை 5 டிகிரி கீழ சாய்ச்சு மாட்டுங்க.

வில்லை சிக்கினா மெல்லிய முடித் தூரிகை, 99% ஐசோப்ரோபைல் ஆல்கஹால். அசிட்டோன் தொடவே கூடாது, சட்டம் உருகும். எண்ணெய் ஸ்ப்ரே எதுவும் அடிக்காதீங்க. ஒரு வாரம் நல்லா ஓடும், அப்புறம் தூசியெல்லாம் அதுல ஒட்டி நிரந்தரமா நின்னுடும். தினம் காலையில நடை திறக்கும் முன்ன முழு மஞ்சள், முழு கறுப்புன்னு 20 தடவை புரட்டற வேலையை நிரல்ல வைங்க. பாதிச் சிக்கல் அதுலயே தீரும்.

எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச) பலகையில பெட்டி செய்யாதீங்க. க்யூர்பீப் மாதிரி மேட்டு ஊர் ஈரத்துல அது ஊதி தட்டு ரெண்டும் நெருங்கும், 1 மிமீ இடைவெளி போயிடும், மடல் பிடிக்கும். கடலோரம்னா இன்னும் மோசம். அலுமினியக் கலவைத் தகடு போடுங்க. ஸ்க்ரூ எல்லாம் 304 இல்லன்னா 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு, கென்காய்ரியில (இரும்புச் சாமான் கடையில) கேட்டு வாங்குங்க. சாதா முலாம் ஸ்க்ரூ கரையோரத்துல சீக்கிரம் துரு கக்கும். காத்துத் துளைக்கு 1.5 மிமீ கண் உள்ள எஃகு வலை. பல்லி உள்ள போனா முதல்ல சாகிறது டிரைவர் அட்டைதான்.

24வோல்ட்

ஒன்றை யாரும் சொல்லவில்லை. இந்தப் பலகைகள் மின்சாரம் போனாலும் எழுத்தை வைத்திருக்கும் என்று எல்லோரும் மெச்சுகிறோம். அதுவே ஆபத்தும்கூட. புயல் எச்சரிக்கை 3 வந்து கோவில் மூடி, மின்சாரமும் போனபின் பலகை "இன்று அன்னதானம்" என்று சொல்லிக்கொண்டே நிற்கும். பொய் சொல்லும் பலகையை மக்கள் மறுபடி நம்பமாட்டார்கள்.

மடல் வரிகளில் "புயல் எச்சரிக்கை 1" முதல் "4" வரை நான்கு மடல், "நடை சாத்தியுள்ளது" ஒரு மடல் வையுங்கள். மூடும்போது கையால் திருப்பிவிடலாம், தண்டின் ஓரத்தில் ஒரு திருகுக் குமிழ் விட்டால் மின்சாரமே வேண்டாம்.

புள்ளி வரி மின்சாரம் போகும் கணத்தில் தானே அழிந்துவிட வேண்டும். கணக்கு: ஒரு வில்லைக்கு 24 வோல்ட், 0.4 ஆம்ப், 1 மில்லிசெகண்ட் என்றால் சுமார் 10 மில்லிஜூல். 112 × 16 = 1792 வில்லை, எல்லாவற்றையும் புரட்டினால் 17 ஜூல். ஆனால் மஞ்சளாக இருப்பவற்றை மட்டும் புரட்டினால் போதும், அது நாலில் ஒரு பங்கு, 4.3 ஜூல். மின்தேக்கி 24-இலிருந்து 18 வோல்ட்டுக்கு இறங்கும்போது ஒரு ஃபாரடுக்கு 126 ஜூல் கிடைக்கும். அப்படியானால் 34,000 மைக்ரோஃபாரட். 10,000 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் மின்தேக்கி ஆறு இணையாகப் போட்டால் தாராளம். மின்வழங்கிக்கும் மின்தேக்கிக்கும் நடுவே ஒரு ஷாட்கி டையோடு, இல்லையென்றால் சேமித்தது திரும்ப ஓடிவிடும். பலகையின் உள் அட்டை தானாக எல்லா வில்லையையும் புரட்டும் வகையென்றால் இந்த வழி போதாது. அப்போது 12 வோல்ட் சிறு பேட்டரி இரண்டைத் தொடராகப் போடுங்கள்.

ஆறு மின்தேக்கியும் காலியாக இருக்கும்போது மின்வழங்கி திணறி அணைந்து அணைந்து எரியும். 10 ஓம், 10 வாட் மின்தடை வழியே நிறைத்து, நிறைந்ததும் ரிலேயால் அதைத் தாண்டுங்கள்.

மணிக்கூண்டு_ரோசில்

இது எனக்குத் தோணவே இல்ல, அண்ணா. கைத்திருகு கண்டிப்பா வைக்கிறேன். கடைசியா ஒரு கேள்வி: உருளை ஒரே திசையிலதானே சுத்தும், சொல் வரிசையை எப்படி அடுக்கறது? அகர வரிசையா?

நாற்பது_மடல்

அகர வரிசை வேண்டாம். நாள் எப்படி நகருதோ அப்படி அடுக்குங்க. நடை திறப்பு, காலசந்தி, அபிஷேகம், அலங்காரம், உச்சிக்காலம், அன்னதானம், சாயரட்சை, அர்த்தசாமம், நடை சாத்தல். அப்ப தினசரி மாற்றம் ஒவ்வொண்ணும் ஒண்ணோ ரெண்டோ மடல்தான், ஒரு சின்ன சத்தத்தோட முடிஞ்சிடும். அதுக்கப்புறம் ஒரு வெற்று மடல். அப்புறம் மாச விசேஷம், பிரதோஷம், சஷ்டி, கிருத்திகை. அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது, கொடியேற்றம், காவடி, தீமிதி, வருஷப்பிறப்பு. புயல் மடல் நாலையும் இன்னொரு வெற்று மடலுக்கு அடுத்து வைங்க. அஞ்சு ஆறு மடலாவது எழுதாம விட்டு வைங்க, அடுத்த வருஷம் ஏதாவது சன்னிதி கூடும்.

காந்தம் "நடை சாத்தலு"க்கு அடுத்த வெற்று மடலுக்கு நேரா வரட்டும். மின்சாரம் வந்து உருளை வீடு தேடினதும் பலகை வெறுமையா நிக்கும், தப்பான சொல்லோட நிக்காது.

தீபாராதனை நேரத்துல எந்த உருளையும் அசையாதபடி நிரல்ல பத்து நிமிஷம் பூட்டுங்க. மணிச்சத்தம் கேக்கிற இடத்துல சடசடப்பு வேண்டாம்.

மடல் மேல பென்சில்ல 1-லேருந்து 40 வரைக்கும் காது ஓரத்துல எண் போட்டுட்டு அப்புறம் கோருங்க. 23-ம் 24-ம் இடம் மாறினா மூணு சொல் கெட்டுப்போகும். எது மாறிச்சுன்னு எண் இல்லாம கண்டுபிடிக்க உருளை முழுக்கக் கழட்டணும்.

உப்புக்காத்து_மாயேபூர்

பென்சில் எண்ணை மடலோட ரெண்டு காதுலயும் போடுங்க தங்கச்சி. கோத்தப்புறம் ஒரு பக்கத் தட்டு மறைச்சிடும்.